கராபாத் தெருவுக்கும் ஒரு விசா: இந்தியக் கலாச்சார உறவுகள் கவுன்சிலுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவருக்கும், தலைமை இயக்குநருக்கும், அலுவலர்களுக்கும் வணக்கம்.

2025 அக்டோபரில் தாலிபான் அரசின் வெளியுறவு அமைச்சர் டெல்லிக்கு வந்து போனார். அந்த மாதம் முடிவதற்குள் காபூலில் இருந்த நம் தொழில்நுட்பக் குழுவின் அலுவலகம் மீண்டும் தூதரகமாகிவிட்டது. சுரங்கங்கள் பற்றிப் பேசினார்கள், சரக்கு விமானம் பற்றிப் பேசினார்கள், மருத்துவமனைகள் பற்றிப் பேசினார்கள். அங்கே தாலிபான்கள் தடைசெய்துவிட்ட இசையைப் பற்றி யாரும் வாய் திறந்ததாக எந்தச் செய்தியிலும் நான் படிக்கவில்லை. முதல் பத்திரிகையாளர் சந்திப்புக்குப் பெண் நிருபர்களையே அழைக்காதவர்களிடம் இசையைப் பற்றி எப்படிப் பேசுவது என்று நீங்கள் கேட்கலாம். வெளியுறவுத் துறை கேட்டால் அது நியாயமான கேள்விதான். கலாச்சார உறவுகள் என்று பெயர்ப்பலகை மாட்டியிருக்கும் நீங்கள் கேட்கக் கூடாது.

இதைத் தமிழில் எழுதினால் டெல்லியில் யார் படிப்பார்கள் என்று நண்பர் ஒருவர் கிண்டல் செய்தார். சென்னையில் உங்களுக்கு அலுவலகம் இருக்கிறது. அங்கே தமிழ் தெரிந்தவர்கள் இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

காபூலின் பழைய நகரில், பாலா ஹிஸ்ஸார் கோட்டைக்கு அருகே, கராபாத் என்றொரு பகுதி இருக்கிறது. 1860களில் அமீர் ஷேர் அலி கான் இந்தியாவிலிருந்து பாடகர்களையும் வாத்தியக்காரர்களையும் வரவழைத்து அங்கே குடிவைத்தார். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்த மண்ணின் மக்களாகவே ஆகிப்போனார்கள். பேச்சு பாரசீகம், பாட்டின் சொல்லும் பாரசீகம், ராகமும் தாளமும் மட்டும் இங்கிருந்து போனவை. அவர்கள் உயிராக நினைத்துப் பாடிய கவிஞர் பீதில்கூட பாட்னாவில் பிறந்து 1720இல் டெல்லியில் மறைந்தவர்தான். பீதிலின் பெயரை இன்று டெல்லியில் எத்தனை பேர் சொல்வார்களோ தெரியாது; காபூலில் அவர் பெயரைச் சொன்னால் பாமரனும் ஓரடி எடுத்துச் சொல்வான்.

1924இல் கராபாத்தில் பிறந்த முகமது ஹுசைன் சரஹங்கை அவருடைய தந்தை பஞ்சாபின் பாட்டியாலாவுக்கு அனுப்பினார். உஸ்தாத் ஆஷிக் அலி கானின் வீட்டில் பல ஆண்டுகள் குருகுலவாசம். திரும்பிப் போய் ஆப்கானிஸ்தானின் மிகப் பெரிய செவ்வியல் பாடகரானார். இந்தியாவின் இசை மாநாடுகளிலும் வந்து பாடினார். அவருடைய கஜல் பதிவு ஒன்றை எடுத்துக் கேளுங்கள். கஜல் நடுவில் திடீரென்று நின்று, ஸ்வரங்களைச் சொல்லிக்கொண்டே ‘தான்’ எனப்படும் வேகமான ஸ்வர ஓட்டத்துக்குள் பாய்ந்து, மறுபடி பீதிலின் அதே சொல்லில் வந்து இறங்குவார். பாட்டியாலா பாணி கேட்டுப் பழகிய காதுக்கு வேறு அறிமுகம் வேண்டாம்.

ரபாப் என்ற தந்தி வாத்தியத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே உடைபடுவது அதுதான். நம் ஏகாண்ட வீணையைப் போல, மல்பெரி மரத்தின் ஒற்றைக் கட்டையைக் குடைந்து செய்வது. வயிற்றின் மேல் ஆட்டுத்தோல். முன்பு நரம்பாக இருந்து இப்போது நைலானாகிவிட்ட மூன்று முக்கியத் தந்திகள்; சுருதிக்கென்று இரண்டு மூன்று; அவற்றின் அடியில், மற்ற தந்திகள் ஒலிக்கும்போது தாமாகவே அதிரும் பதினான்கு பதினைந்து அனுநாதத் தந்திகள். இந்த அனுநாதத் தந்திகளில் ஒன்றை மட்டும், தந்திகளைத் தாங்கும் குதிரை என்ற கட்டையில் உள்ள ஒரு சிறு மேடு தூக்கிப் பிடித்திருக்கும். மெட்டு கீழே ஓடிக்கொண்டிருக்க, வாசிப்பவர் இடையிடையே அந்த ஒற்றை உச்சத் தந்தியைத் தட்டிக்கொண்டே போவார். வேகம் கூடும்போது இரண்டு பேர் வாசிப்பதாகவே தோன்றும். பரந்த்காரி என்பது அதன் பெயர். ஆப்கானியர் பைராமி என்று சொல்லும் ராகத்தை இப்படி வாசித்துக் கேட்டால், நம் சிந்துபைரவியின் வாடை முகத்தில் வந்து மோதும்.

இந்த வாத்தியத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்த பங்கஷ் குடும்பத்தாரின் கையில்தான், தோல் அப்படியே இருக்க, விரல்பலகை எஃகுத் தகடாக மாறி, தந்திகள் உலோகமாகி, சரோத் உருவானது. குடியரசு தின விருந்துகளிலும் வெளிநாட்டு இந்திய விழாக்களிலும் நீங்கள் பெருமையோடு மேடையேற்றும் அந்தச் சரோத்தின் பாட்டன் வீடு காபூல். 1974இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உஸ்தாத் முகமது ஓமர் ரபாப் வாசிக்க, இருபத்து மூன்று வயது ஜாகிர் ஹுசைன் தபலா வாசித்தார். பதிவு இன்றும் கிடைக்கிறது. அதைக் கேட்ட பிறகு இதை ‘அண்டை நாட்டு இசை’ என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

ஆட்சி மாறும்போதெல்லாம் கராபாத்காரனின் பிழைப்பும் மாறிற்று. மன்னர் காலத்தில் அரண்மனை; பிறகு காபூல் வானொலி. வானொலியில் மாதச் சம்பளம் வந்தது, மரியாதை வந்தது. 1978இல் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்தார்கள். சம்பளம் நிற்கவில்லை, ஆனால் புரட்சிக்கும் வாழ்த்துப் பாட வேண்டியதாயிற்று. 1992இல் முஜாஹிதீன்கள் வந்தார்கள். இசைக்கக் கையில் உரிமம் இருக்க வேண்டும் என்றார்கள். அவர்கள் ஒருவர் மீது ஒருவர் வீசிக்கொண்ட ராக்கெட்டுகளில் கராபாத்தே இடிந்து மண்மேடானது. உஸ்தாதுகள் வாத்தியங்களைத் தூக்கிக்கொண்டு பெஷாவருக்கு ஓடினார்கள். அங்கே வாடகை அறைகளில் பெயர்ப்பலகை மாட்டி, கல்யாண வாய்ப்புக்குக் காத்திருந்தார்கள். 1996இல் தாலிபான்கள் காபூலைப் பிடித்தபோது இசைக்கு முழுத் தடை வந்தது. பிடுங்கிய கேசட்டுகளின் நாடாவை உருவி, சோதனைச் சாவடிக் கம்பங்களிலும் மரங்களிலும் தோரணமாகத் தொங்கவிட்டார்கள். வானொலிக்கு ‘ஷரியத்தின் குரல்’ என்று பெயர் சூட்டினார்கள். அந்த வானொலியின் ஊழியர்கள் சிலர் பழைய ஒலிநாடாக்களை ஒளித்துவைத்துக் காப்பாற்றியதால்தான் சரஹங்கின் குரல் இன்று நமக்கு மிஞ்சியிருக்கிறது. அவர்களுக்கு எந்த அரசாவது ஒரு பொன்னாடை போர்த்தியதா என்று எனக்கு ஒரு சந்தேகம்.

2001க்குப் பிறகு இருபது ஆண்டுகள் மூச்சுவிட இடம் கிடைத்தது. ஆகா கான் அமைப்பின் ஆதரவில் உஸ்தாதுகள் சீடர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். 2010இல் அகமது சர்மஸ்த் ஆப்கானிஸ்தான் தேசிய இசைப் பள்ளியைத் தொடங்கினார். அனாதைச் சிறுவர்களும் தெருவில் பொருள் விற்றுத் திரிந்த பிள்ளைகளும் அங்கே ரபாபும் வயலினும் சிதாரும் கற்றார்கள். இந்தியாவிலிருந்து போன ஆசிரியர்களும் பாடம் நடத்தினார்கள். 2014 டிசம்பர் 11 அன்று, அந்தப் பள்ளி மாணவர்கள் பங்கேற்ற ஒரு நாடக நிகழ்ச்சியில் தாலிபான் தற்கொலைப்படை ஆள் குண்டை வெடித்தான். சர்மஸ்தின் செவிப்பறைகள் கிழிந்தன, தலையில் இரும்புத் துகள்கள் பாய்ந்தன. சிகிச்சை முடிந்ததும் அவர் காபூலுக்கே திரும்பி வகுப்பைத் தொடர்ந்தார். 2017இல் அப்பள்ளியின் ஜோஹ்ரா என்ற பெண்கள் இசைக்குழு டாவோஸ் வரை சென்று வாசித்துவிட்டு வந்தது.

2021 ஆகஸ்ட் 15க்குப் பிறகு நடந்தவை செய்திகளாகவே உங்களுக்குத் தெரியும். ஆகஸ்ட் கடைசியில் தாலிபான் செய்தித் தொடர்பாளர் நியூயார்க் டைம்ஸ் இதழிடம், இசை விலக்கப்பட்டது, ஆனால் மக்களை வற்புறுத்தாமல் எடுத்துச் சொல்லியே மாற்ற விரும்புகிறோம் என்ற பொருள்படப் பேசினார். அதே வாரத்தில் பக்லான் மாகாணத்தின் அந்தராப் பள்ளத்தாக்கில் நாட்டுப்புறப் பாடகர் பவாத் அந்தராபி வீட்டிலிருந்து வெளியே இழுத்துவரப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார். எடுத்துச் சொல்லும் முறை அப்படி.

கொல்லப்படாதவர்களின் வாழ்க்கையைத்தான் நாம் அதிகம் யோசிப்பதில்லை. ஆப்கன் இசைக்கலைஞனின் வருமானத்தில் பெரும்பகுதி கல்யாணத்தில் வருவது. கல்யாண மண்டபங்களில் இசை கூடாது என்று ஆனதும் அடுப்பு அணைந்துவிடுகிறது. சிலர் வாத்தியத்தை மண்ணில் புதைத்தார்கள். சிலர் கிடைத்த விலைக்கு விற்றார்கள். காய்கறி வண்டி தள்ளுகிறார்கள், கூலி வேலைக்குப் போகிறார்கள். வீட்டில் ரபாப் இருப்பதே ஆபத்து. சோதனைக்கு வருபவன் வேறு சாட்சி கேட்கமாட்டான். இரவில் கதவைச் சாத்திக்கொண்டு ரியாஸ், அதாவது சாதகம், செய்யலாமே என்றால், ரபாப் அடக்கமான வாத்தியம் கிடையாது. தந்திகளுக்கு அடியில் துணியைத் திணித்தால் ஓசை குறையும்; கூடவே அனுநாதத் தந்திகளும் ஊமையாகிவிடும். விரல் பழக்கம் விட்டுப்போகாது, அவ்வளவுதான். காது மறந்துவிடும்.

பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதா வேண்டாமா என்பது அடுத்த கேள்வி. பரம்பரை வாத்தியக்காரர் வீட்டில் ஏழெட்டு வயதில் பாடம் தொடங்கிவிடும். 2021இல் ஏழு வயதாக இருந்த பிள்ளை இன்று மீசை அரும்பும் வயதை நெருங்கிவிட்டான். சிறுவன் தெருவில் விளையாடும்போது ஒரு மெட்டை முணுமுணுத்துவிட்டால் என்ன ஆகும் என்று அப்பன் பயப்பட வேண்டியிருக்கிறது. பெண் பிள்ளை என்றால் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடமே இல்லை. பாட்டு எங்கிருந்து வரும்? 2024 ஆகஸ்டில் வந்த சட்டம் பெண்ணின் குரலையே பொதுவெளியில் மறைக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால் தாலிபான்களும் பாடுகிறார்கள். தரானா என்று பெயர். வாத்தியம் இல்லாமல், பஷ்தூன் நாட்டுப்புற மெட்டுகளில், போராளிகளைப் புகழ்ந்து பாடும் பாட்டு. பலவற்றில் மெட்டு உருக்கமாகவே இருக்கிறது. மெட்டு வேண்டும், வாசிப்பவன் வேண்டாம். சர்வாதிகாரிகள் எந்த நாட்டில் இருந்தாலும் இசையை முழுதாக வெறுப்பதில்லை. தங்களுக்குக் கட்டுப்படாத இசையைத்தான் வெறுக்கிறார்கள்.

2023 ஜூலையில் ஹெராத்தில் இசைக்கருவிகளைக் குவித்துத் தீ வைத்தார்கள். அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கிட்டார் இருந்தது, ஒலிபெருக்கிகள் இருந்தன. அவற்றோடு ஒரு ஹார்மோனியமும் தபலாவும் இருந்தன. இசை இளைஞர்களை வழிகெடுக்கும் என்று அங்கிருந்த அதிகாரி காரணம் சொன்னார். ஓராண்டில் 21,328 இசைக்கருவிகளை அழித்ததாக 2024 ஆகஸ்டில் அவர்களுடைய ஒழுக்கத் துறை அமைச்சகமே கணக்குக் காட்டியது. அறுவடைக் கணக்குச் சொல்வதுபோல ஒற்றை எண் வரை துல்லியம்.

அதே ஹெராத் மாகாணத்தில் சிஷ்த் என்று ஓர் ஊர் இருக்கிறது. அஜ்மீர் குவாஜா மொய்னுத்தீன் சிஷ்தியின் பெயரில் ஒட்டியிருப்பது அந்த ஊரின் பெயர்தான். இறைவனை அடைய இசையையும் ஒரு வழியாகக் கொண்டு, இந்தியாவுக்குக் கவ்வாலியைத் தந்த சூஃபி மரபு கிளம்பியது அங்கிருந்து. ஹார்மோனியத்தைக் கொளுத்தியவர்கள் தங்கள் மாகாண வரைபடத்தை ஒருமுறை விரித்துப் பார்த்திருக்கலாம்.

மதத்தைக் காட்டி அவர்கள் உங்கள் வாயை அடைக்கப் பார்ப்பார்கள். உங்களிடம் இருப்பதைப் போன்ற பதில் வேறு எந்த நாட்டு அலுவலகத்திலும் இல்லை. உங்கள் கவுன்சிலை 1950இல் நிறுவியவர் மௌலானா அபுல் கலாம் ஆசாத். திருக்குர்ஆனுக்கு உரை எழுதிய மார்க்க அறிஞர். கண்டிப்பான சமயக் குடும்பத்தில் பிறந்து, இளமையில் சிதார் கற்றவர். நிலவு காயும் இரவில் தாஜ்மகாலில் உட்கார்ந்து சிதார் வாசித்ததை, பிற்காலத்தில் அகமதுநகர் கோட்டைச் சிறையில் இருந்தபோது ஒரு கடிதத்தில் ரசித்து ரசித்து எழுதியிருக்கிறார். வெள்ளைக்காரன் சிறைவைத்த ஒருவர், அனுப்ப முடியாது என்று தெரிந்தும், இசையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார். அவருடைய படம் உங்கள் அலுவலகச் சுவரில் இருக்குமானால், காபூலிலிருந்து வரும் விருந்தினருக்கு அதை அறிமுகப்படுத்தி வையுங்கள்.

சரி, என்னதான் செய்ய வேண்டும் என்கிறாய் என்று கேட்பீர்கள். முதலில் விசா. 2021 ஆகஸ்ட் 25 அன்று, ஆப்கானியர்களுக்கு ஏற்கெனவே தந்திருந்த விசாக்கள் செல்லாது என்று இந்தியா அறிவித்தது. உங்கள் உதவித்தொகையில் படித்துக்கொண்டிருந்து, விடுமுறைக்கு ஊருக்குப் போன மாணவர்களும் அங்கேயே சிக்கிக்கொண்டார்கள். 2025இல் கதவு மறுபடி கொஞ்சம் திறந்தது: நோயாளிக்கு, வியாபாரிக்கு, மாணவனுக்கு. பாடகன் இவர்களில் யாராக வேடமிட்டு வருவான்? விசா உள்துறையின் கையில் இருக்கிறது, உங்கள் கையில் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் கலைஞர் என்றொரு பிரிவு வேண்டும் என்று உள்துறைக்கு எழுத உங்களைவிடத் தகுதியான அலுவலகம் எது?

போர்ச்சுகலைப் பாருங்கள். நம் மாவட்டங்கள் சிலவற்றின் மக்கள்தொகைதான் இருக்கும். அந்த நாடு தேசிய இசைப் பள்ளியின் மாணவர், ஆசிரியர், குடும்பத்தார் என்று 273 பேரை 2021 முடிவதற்குள் ஏற்றுக்கொண்டது. அவர்கள் இன்று பிராகாவிலும் கிமாரேயிஸிலும் இருந்துகொண்டு, அமெரிக்காவின் கார்னகி மண்டபம் வரை போய் வாசிக்கிறார்கள். ராகம் தெரியாத ஊரில் ராகத்துக்கு இடம் கிடைத்திருக்கிறது. பாட்டியாலா இருக்கும் நாட்டில் கிடைக்கவில்லை. போர்ச்சுகலுக்கு வாழ்த்துச் சொல்லும்போதே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

இரண்டாவது, படிவம். ஆப்கன் மாணவர்களுக்கு ஆண்டுக்கு ஆயிரம் உதவித்தொகை வரை தந்த அமைப்பு உங்களுடையது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எல்லாம் சான்றிதழை வைத்து நடக்கிறது. தகப்பனிடமும் மாமனிடமும் உட்கார்ந்து கற்றவனிடம் என்ன சான்றிதழ் இருக்கும்? வீட்டைச் சோதனையிட வருபவன் கண்ணில் படக்கூடாது என்று அவன் கிழித்துப்போட்ட பழைய கச்சேரிப் புகைப்படம்தான் இருந்திருக்கும். பள்ளியே மறுக்கப்பட்ட பெண்ணிடம் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் கேட்பது எந்த ஊர் நியாயம்? பத்து நிமிடம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு உஸ்தாதையும் ஒரு பண்டிதரையும் உட்காரவைத்தால் யார் வித்தை உள்ளவர் என்று சொல்லிவிடுவார்கள். தேர்வானவர்களின் படத்தைச் சமூக ஊடகத்தில் போட்டுக் கொண்டாடும் ஆசையை மட்டும் தயவுசெய்து அடக்கிக்கொள்ளுங்கள். அவர்களுடைய தாயும் தம்பியும் இன்னும் அங்கேதான் இருப்பார்கள்.

கலைஞர்கள் எல்லாரும் வெளியேறிவிட்டால் காபூலில் மிஞ்சுவது என்ன என்று ஓர் ஆட்சேபம் உண்டு. 1990களில் பெஷாவருக்குப் போனவர்கள்தான் 2002இல் திரும்பிவந்து கராபாத்தில் மறுபடி கடை திறந்தார்கள். போகாமல் இருந்திருந்தால் திரும்ப யார் இருந்திருப்பார்கள்? இந்த முறை பெஷாவரும் இல்லை. 2023 முதல் பாகிஸ்தான் ஆப்கன் அகதிகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறது. அங்கே ஒதுங்கிய இசைக்கலைஞர்கள் எங்களை அனுப்பாதீர்கள் என்று நீதிமன்றப் படியேறினார்கள்.

தாலிபான்களோடு உறவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. நிலநடுக்கம் வந்தால் மருந்து போக வேண்டும், பசிக்குக் கோதுமை போக வேண்டும். அதற்குப் பேசத்தான் வேண்டும். பேசுகிற மேசையில் ஒரு ஓரமாக இதையும் வையுங்கள் என்கிறேன். 2024 டிசம்பரில் ரபாப் செய்யும் கலையையும் வாசிக்கும் கலையையும் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஈரான், தஜிகிஸ்தான், உஸ்பெகிஸ்தானோடு ஆப்கானிஸ்தான் பெயரும் அதில் இருக்கிறது. பேச்சைத் தொடங்க அதைவிட மரியாதையான இடம் கிடைக்காது.

விசாவுக்குக் காத்திராமல் இன்றைக்கே செய்யக்கூடியவையும் இருக்கின்றன. டெல்லியின் லாஜ்பத் நகரிலும் போகலிலும் ஆயிரக்கணக்கான ஆப்கானியர்கள் வசிக்கிறார்கள். ரொட்டிக் கடையிலும் மருத்துவமனை வாசலில் மொழிபெயர்ப்பாளராகவும் வேலை பார்ப்பவர்களில் வாசிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். இருந்தால் ஒரு பல்கலைக்கழக இசைத் துறையில் வாரத்தில் மூன்று நாள் ரபாப் வகுப்புக்கு ஏற்பாடு செய்யுங்கள். சரஹங் இங்கே வந்து பாடிய காலத்துப் பதிவுகள் ஆகாசவாணிக் கிடங்கில் இருக்கின்றனவா என்று தேடச் சொல்லுங்கள். கிடைத்தால் எண்ணிம வடிவில் வெளியிடுங்கள். வாத்தியத்தைப் புதைத்துவிட்டு உட்கார்ந்திருப்பவன் காதில் ஒரு ஹெட்போன் மாட்டியாவது கேட்கட்டும். சென்னையின் மார்கழிக் கச்சேரிகள் உங்களுக்குத் தெரியும். ஒரு வருடம் ஒரு ரபாப் கலைஞரை அனுப்பிவையுங்கள். சபாக்காரர்கள் மாலை நேரம் தரமாட்டார்கள், அது எனக்குத் தெரியும். பகல் பன்னிரண்டு மணிக் கச்சேரி என்றாலும் வந்து உட்கார ஆட்கள் இருக்கிறோம்.

இந்த மடலுக்கு ஒரு பதிலாவது போடுங்கள். இந்தியில் வந்தாலும் ஆங்கிலத்தில் வந்தாலும் படித்துக்கொள்கிறேன். ‘உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது’ என்று மட்டும் எழுதாதீர்கள். நான் எழுதியிருப்பதே உரிய துறைக்குத்தான்.

இப்படிக்கு,
ஹிந்துஸ்தானி இசை கேட்கும் ஒரு தமிழன்